சொத்து கொஞ்சம்தான் என்றாலும் உயில் வேண்டும்

ஒரே ஒரு வீடு, கணவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா. கணவர் உயில் எழுதாமல் திடீரென்று இறந்துவிடுகிறார். வீடு யாருக்குப் போகும்? "இதென்ன கேள்வி, மனைவிக்குத்தான்" என்றுதான் பலரும் சொல்வார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா ஆகிய நான்கு பேரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குக் கால் பங்கு. இறந்தவரின் அப்பா உயிரோடு இருந்தாலும் இந்த வகுப்பில் அவருக்கு இடமில்லை, அம்மாவுக்கு உண்டு.

காகிதத்தில் இது நியாயமான பங்கீடாகத்தான் தெரியும். அந்த வீட்டை விற்க வேண்டி வரும்போதுதான் சிக்கல் புரியும். பிள்ளைகளின் அரைப் பங்கு மைனர் சொத்து. பெற்ற தாயே காப்பாளராக இருந்தாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அனுமதிக்கு மனுப் போட வேண்டும், ஏன் விற்கிறோம், பிள்ளைகளின் பங்குப் பணத்தை என்ன செய்யப் போகிறோம் என்று விளக்க வேண்டும். வாங்க வந்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார். மாமியாரின் கையெழுத்தும் தேவை. இதற்குள் மாமியார் காலமாகிவிட்டால், அவருடைய கால் பங்கு அவருடைய மற்ற மகன்கள், மகள்களுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரிந்து போகும். மருமகளுக்கு அதில் எதுவும் இல்லை. நேற்றுவரை கொழுந்தனாராகவும் நாத்தனாராகவும் மட்டும் இருந்தவர்கள் இன்று அந்த வீட்டின் பங்குதாரர்கள். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் போதும், ஒருவருக்குப் பணமுடை வந்தால் போதும், விஷயம் இழுத்துக்கொண்டே போகும்.

"என் வீடு முழுவதும் என் மனைவிக்குச் சேர வேண்டும், என் அம்மாவுக்கு அவர் ஆயுள் உள்ளவரை அதில் குடியிருக்கும் உரிமை உண்டு" என்று ஒரு உயிலில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. பெரிய சொத்து உள்ளவர்கள் வக்கீலையும் ஆடிட்டரையும் வைத்து ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். ஒரு வீடு, கொஞ்சம் வைப்புத்தொகை, ஒரு இன்சூரன்ஸ், பி.எஃப். என்று இருக்கிற குடும்பங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. அவர்களுக்கு மாற்று ஏற்பாடு கிடையாது; அந்த ஒரு வீடுதான் எல்லாமே.

பெண்கள் உயில் எழுதுவது இன்னும் அவசியம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பிள்ளைகள் இல்லாத, கணவரை இழந்த ஒரு இந்துப் பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீடு, உயில் இல்லாவிட்டால், அவரைப் பெற்றவர்களுக்குப் போவதற்கு முன்பே கணவரின் வாரிசுகளுக்குப் போகும். சட்டத்தின் 15ஆம் பிரிவு வகுத்த வரிசை அது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாத நிலையில், அப்பா வழி வாரிசுகளுக்குத் திரும்பும். தான் உழைத்துச் சேர்த்ததைத் தன் அம்மாவுக்கோ தங்கைக்கோ கொடுக்க நினைக்கும் பெண், அதை எழுதி வைத்தால்தான் நடக்கும்.

கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம்: ஈமச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் செல்லாது. கீழே உயில் எழுதும் முறை பற்றிச் சொல்வது இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும்.

நாமினி போட்டாச்சே, பிறகென்ன?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர். வங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயில் சொல்லும். உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். உச்ச நீதிமன்றம் 1984இல் இன்சூரன்ஸ் தொடர்பான வழக்கிலும், 2023 டிசம்பரில் கம்பெனிப் பங்குகள் தொடர்பான வழக்கிலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015இல் சட்டம் மாறியது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது.

அதனால் நாமினி வேண்டாம் என்று ஆகாது. அவசரத்துக்குப் பணம் கையில் கிடைக்க அதுதான் வழி. நாமினி இல்லாவிட்டால் வங்கியில் வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் என்று அலைய வேண்டும். தொகை பெரிதாக இருந்தாலோ தகராறு வந்தாலோ நீதிமன்றம் வரை போக நேரும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாமினியும் உயிலும் ஒரே ஆளைக் காட்டட்டும். உயிலில் மனைவி, வைப்புத்தொகையில் தம்பி என்று இருந்தால் சண்டைக்கு விதை போட்டாயிற்று.

பி.எஃப்.பில் ஒரு கண்ணி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ போட்டிருப்பார்கள். திருமணம் ஆனதும் பழைய நியமனம் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். பலர் அதை மறந்தே போகிறார்கள். இன்றைக்கே பி.எஃப். இணையதளத்தில் நுழைந்து இ-நாமினேஷன் பகுதியைப் பாருங்கள். வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். ஒரே சமயத்தில் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்றும் வைக்கலாம். லாக்கருக்கு மட்டும் ஒருவர்பின் ஒருவராகத்தான்.

சொந்தத் தொழிலுக்குக் கடன் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: திருமணமான ஆண் ஆயுள் காப்பீடு எடுக்கும்போதே, 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் பெயரில் அதை எடுக்கலாம். அந்தப் பணத்தில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. பாலிசி எடுத்த பிறகு சேர்க்க வழியில்லை, விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

உயிலை எழுதும்போது

முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம், தமிழில் எழுதலாம். 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். ஆனால் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி, போனில் பேசிப் பதிவு செய்த வீடியோ, டிஜிட்டல் கையெழுத்திட்ட கோப்பு எதுவும் உயில் ஆகாது.

முதல் பத்தியில் உங்கள் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி. அடுத்து, இதற்கு முன் எழுதிய உயில்கள் எல்லாவற்றையும் ரத்து செய்வதாக ஒரு வரி. முன்பு எழுதியதே இல்லை என்றாலும் இந்த வரி இருக்கட்டும். பிறகு குடும்பத்தில் யார் யார், அவர்கள் உறவு என்ன என்று எழுதுங்கள். சொத்தில் பங்கு தராத பிள்ளை இருந்தாலும் அவர் பெயரைக் கட்டாயம் குறிப்பிட்டு, காரணத்தையும் மரியாதையாக ஒரு வரியில் சொல்லுங்கள். "என் மூத்த மகளுக்கு வீடு வாங்க ஏற்கெனவே உதவிவிட்டதால் இதில் பங்கு ஒதுக்கவில்லை" என்பதுபோல. பெயரே இல்லாவிட்டால், எழுதியவருக்கு நினைவு சரியாக இல்லை, அல்லது யாரோ எழுதி வாங்கிவிட்டார்கள் என்று வாதாட இடம் கிடைக்கும்.

சொத்து விவரத்தில் சோம்பல் கூடாது. "ஊரில் உள்ள என் நிலம்" என்று எழுதினால் எந்த நிலம் என்று தீர்க்கவே ஒரு வழக்கு வரும். கிரயப் பத்திரத்தின் எண், வருடம், சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், பரப்பளவு, செக்குபந்தி (நான்கு பக்க எல்லை விவரம்) ஆகியவற்றைப் பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். பழைய பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பட்டாவில் புதிய எண்ணும் இருந்தால் இரண்டையும் போடுங்கள். வங்கிக் கணக்கு என்றால் வங்கி, கிளை, கணக்கு எண் போதும். இருப்புத்தொகையை எழுத வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும். கடவுச்சொல்லையும் எழுதக் கூடாது; உயில் பின்னால் பலர் கைக்குப் போகிற ஆவணம். பூர்வீகச் சொத்து பிரியாமல் இருந்தால் அதில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும்.

இரண்டு வரிகளைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, "இதில் குறிப்பிடாத மற்றும் இனி எனக்குச் சேரும் எல்லாச் சொத்துகளும் இன்னாருக்கு" என்பது. உயில் எழுதி எட்டு வருடம் கழித்து வாங்கிய மனையை இந்த வரிதான் காப்பாற்றும். இன்னொன்று, "அவர் எனக்கு முன் இறந்துவிட்டால் இன்னாருக்கு" என்பது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எழுதி வைத்துவிட்டு ஒரே விபத்தில் போய்விடும் துயரமும் நடக்கிறது. அப்போது பிள்ளைகளுக்கு யார் காப்பாளர் என்பதையும் எழுதியிருக்க வேண்டும். காப்பாளரும் பணத்தை நிர்வகிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. அன்பாக வளர்க்கக்கூடிய சித்தி ஒருவர், கணக்கில் கெட்டியான மாமா இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வது பல வீடுகளுக்கு நல்லது. எழுதும் முன் அவர்களைக் கேட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

உயிலை நிறைவேற்ற ஒருவரை நியமியுங்கள். உங்களைவிட வயதில் இளையவராக, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கச் சளைக்காதவராக இருக்கட்டும்.

இனி கையெழுத்து. உயில்கள் நீதிமன்றத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அவர்கள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் மூவரும் ஒரே மேசையில், ஒரே பேனாவில், ஒரே நேரத்தில் முடித்துவிடுங்கள். பின்னால் சாட்சி சொல்லும்போது முரண் வராது. ஒவ்வொரு பக்கத்திலும் பக்க எண் போட்டு அடியில் கையெழுத்திடுங்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் தனியாக நிற்காமல், உயிலின் சில வரிகளாவது அதே பக்கத்தில் வரும்படி அமையுங்கள். வேறு தாளைச் செருகிவிட்டார்கள் என்ற பேச்சுக்கே இடம் வேண்டாம். சாட்சிகள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டியதில்லை. அவர்களின் முழுப்பெயர், முகவரி, தேதி இருக்க வேண்டும்.

சாட்சியாக யாரைப் போடுவது? உயிலில் பங்கு பெறுபவரையும் அவருடைய கணவன் அல்லது மனைவியையும் போடாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அப்படிப் போட்டால் அந்தப் பங்கே செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் சந்தேகத்துக்குக் காரணமாகும். நோட்டரியின் முத்திரை இரண்டு சாட்சிகளுக்கு ஈடாகாது. இதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. எழுபது வயது நண்பரைவிட நாற்பது வயதுப் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல சாட்சி. உயில் பதிவு செய்யப்பட்டதாகவே இருந்தாலும், பிரச்சினை வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். வயதானவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் குடும்ப டாக்டரையே ஒரு சாட்சியாகப் போடுவது மிக நல்லது. "சுயநினைவோடு, புரிந்து எழுதுகிறார்" என்று அன்றைய தேதியில் அவரிடம் ஒரு சான்றும் வாங்கி உயிலோடு இணையுங்கள். அதிகப் பங்கு பெறப்போகும் பிள்ளை பத்திர எழுத்தரைக் கூட்டி வந்து, சாட்சியையும் ஏற்பாடு செய்து, பக்கத்திலேயே நின்றால், அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலையாக நீதிமன்றம் பார்க்கும். நல்லெண்ணத்தோடு உதவினாலும் சரி, அந்தப் பிள்ளை அன்று வெளியே இருப்பதே பாதுகாப்பு.

எழுதி முடித்த உயிலில் அடித்துத் திருத்தாதீர்கள். சாட்சிகளோடு மீண்டும் கையெழுத்திடாத திருத்தம் செல்லாது. சின்ன மாற்றம் என்றாலும் புதிதாக எழுதிவிடுவது மேல்.

பதிவு கட்டாயமில்லை. முத்திரைக் கட்டணமும் கிடையாது. கிரயப் பத்திரம் போல நான்கு மாதக் கெடுவும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பதிந்த பிறகும் மாற்றலாம். கடைசியாக முறைப்படி எழுதியதுதான் செல்லும், அது பதியாததாக இருந்தாலும்கூட. நீங்கள் இருக்கும்வரை அதன் நகல் வேறு யாருக்கும் கிடைக்காது. ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கிறீர்கள், அல்லது உறவுக்குள் ஏற்கெனவே மனத்தாங்கல் இருக்கிறது என்றால் தயங்காமல் பதிவு செய்யுங்கள். எங்கோ தொலைந்தாலும் அலுவலகத்தில் பதிவு இருக்கும்.

செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடலாமா?

பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள், பட்டா மாற்றம் சுலபம் என்பதால். செட்டில்மென்ட் பத்திரம் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்வது பொதுவாக முடியாது. வேறு வீடோ நிலையான வருமானமோ இல்லாத பெற்றோர், குடியிருக்கும் ஒரே வீட்டை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் ஆயுள்வரை குடியிருப்பும் வாடகை வருமானமும் உங்களுக்கே என்றும், பெறுபவர் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்றும் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு அந்த நிபந்தனைதான் பிடிமானம்.

உயிரோடு இருக்கும்போதே செயலிழந்தால்

உயில் இறந்த பிறகுதான் பேசும். பக்கவாதமோ நினைவு இழப்போ வந்து படுத்துவிட்டால் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுப்பது யார்? நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் இருக்கிறதே என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்ததும் பவர் முடிந்துவிடும். சித்தம் தெளிவு இழந்தாலும் முடிந்துவிடும். அதனால் வீட்டுச் செலவு ஓடும் கணக்கையாவது கணவன், மனைவி இருவர் பெயரில், இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் வையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகை அதில் இருந்தால் குடும்பம் தடுமாறாது.

மீள முடியாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற சிகிச்சையைத் தொடர வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். அந்த முடிவின் பாரத்தைப் பிள்ளைகள் தலையில் வைக்காமல் இருப்பது அவர்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

ஒரு நோட்டு

உயிலுக்கு இணையாக முக்கியமானது ஒரு சாதாரண நோட்டு. எந்த வங்கியில் என்ன கணக்கு, எந்த பாலிசி, பங்குகள் எந்த டீமேட்டில், பி.எஃப். எண், யாருக்குக் கடன் கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம், எந்தச் சீட்டில் எத்தனை மாதம் கட்டியிருக்கிறோம், தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் எங்கே இருக்கின்றன. பத்து வருடம் யாரும் தொடாத வங்கி வைப்பு, ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். ஏழு வருடம் கேட்கப்படாத டிவிடெண்டும் அதற்குரிய பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போகும். இரண்டையும் திரும்பக் கேட்டு வாங்கலாம், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் யார் கேட்பது? பழைய வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் இணையதளம் இருக்கிறது. பெற்றோரின் பெயரைப் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், பின்னால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். சான்றிதழில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஆதாரிலும் பத்திரத்திலும் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்து, தேவைக்கு அதிகமாகவே நகல்கள் வாங்க வேண்டும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இறந்தவரின் போன் எண்ணை அணைக்காமல் ரீசார்ஜ் செய்து வையுங்கள், வங்கியிலிருந்தும் இன்சூரன்ஸிலிருந்தும் தகவல் அதற்குத்தான் வரும். அதே சமயம் அவருடைய ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுக்கக் கூடாது. மற்ற வாரிசுகள் கேள்வி எழுப்பினால் பதில் சொல்ல முடியாது. நாமினியாகவோ வாரிசாகவோ எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

திருமணம், குழந்தை பிறப்பு, விவாகரத்து, சொத்து விற்பனை, சாட்சி அல்லது நிறைவேற்றுபவரின் மரணம் ஆகியவற்றில் எது நடந்தாலும் உயிலை எடுத்துப் படியுங்கள். கிறிஸ்தவர்களுக்குத் திருமணம் ஆனதும் முந்தைய உயில் தானாகவே ரத்தாகும். மகளுக்கென்று எழுதிய மனையை நீங்களே விற்றுவிட்டால், விற்ற பணம் அவருக்குத் தானாகப் போகாது. அவருக்கு வேறு எதையாவது ஒதுக்கிப் புதிதாக எழுத வேண்டும்.

மூல உயிலை உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் பூட்டாதீர்கள். லாக்கரைத் திறக்க ஆவணம் கேட்பார்கள், அந்த ஆவணமோ லாக்கருக்குள் இருக்கும். இருவர் பெயரில் உள்ள லாக்கரிலோ வீட்டு பீரோவிலோ வையுங்கள். மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்து வைக்கவும் வழி உண்டு. நிறைவேற்றுபவரிடம் ஒரு நகலைக் கொடுத்து, மூலம் எங்கே இருக்கிறது, சாட்சிகள் யார், அவர்களின் போன் எண் என்ன என்பதை அந்த நகலின் பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள்.